ராயின் வில்லுக்கு ஓர் அம்புதாங்கி

1

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ராய் என்ற மனிதர் ஒரு நீளமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்குள் வந்தார். அன்று நடந்ததை எழுதச் சொல்லி ஊரிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் என் அண்ணன். மற்ற இருவரும் அண்ணன் வாயால் கேட்டவர்கள். அந்தக் கதை பழவேற்காடு மீன் ஏலத்துக்குப் போய்ச் சேருவதற்குள், நான் அமெரிக்காவில் மான் வேட்டைக்காரன் ஆகிவிட்டதாக மாறிவிட்டதாம். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. சொந்த ஊர் தோணிரேவு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்பேனர் பிடித்தவன். மனைவி வசந்தி பழவேற்காட்டுப் பெண், நர்ஸ். அவளுக்கு இங்கே மினசோட்டாவில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தபோது மகள் கலைச்செல்விக்கு ஆறு வயது. வசந்தியின் விசாவுக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு நானும் வந்தேன். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

எனக்கு வேலை கொடுத்தது, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சாமான் விற்கும் ஒரு கடை. நேர்முகத்தில் மேலாளர், மீன் பிடிப்பது பற்றித் தெரியுமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் தொழில் என்றேன். அன்றைக்கே தூண்டில் பிரிவில் நிறுத்திவிட்டார்கள். நானோ வலையைத் தவிர எதையும் தொட்டதில்லை. முதல் வாரமே ஒருவர் வந்து, பிடித்த மீனைக் காயப்படாமல் திரும்ப ஏரியில் விடுவதற்கு எந்த முள் நல்லது என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அண்ணன் தேசப்பனிடம் போனில் சொன்னேன்.

"புட்சிட்டு உட்ருவானுங்களா? அப்பறம் இன்னாத்துக்குடா புடிக்கிறானுங்க? நல்லா கேட்டியா, இல்ல உனுக்கு இங்கிலீசு புரியலியா?" என்றார்.

எட்டு வருஷம் அந்தத் தூண்டில்களோடு காலம் தள்ளினேன். பிறகு வில் பிரிவில் இருந்தவர் வேலையை விட்டுப் போனார். சின்னத் திருகுகளைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றி மாட்டுவேன் என்பதால் என்னை அங்கே மாற்றினார்கள். சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையில் என் பெயர் கொள்ளாது என்று ஆங்கிலத்தில் E, L, I என்று மூன்றே எழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இவர்கள் அதை ஈலை என்று படிக்கிறார்கள். நம்மூர்க்காரர் யார் படித்தாலும் எலிதான். பத்து வருஷமாக நான் எலியாகத்தான் நடமாடுகிறேன்.

2

வில் என்றதும் கோயில் தூணில் பார்த்ததை நினைக்காதீர்கள். இங்கே வேட்டைக்காரர்கள் வைத்திருப்பதில் மேலும் கீழும் இரண்டு உருளைகள், அவற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்கும் கயிறுகள், குறி பார்க்க ஒரு கண்ணாடி எல்லாம் உண்டு. சைக்கிளையும் வில்லையும் சேர்த்துச் செய்த மாதிரி இருக்கும். அம்பின் வாலை நாணில் மாட்டிவிடலாம். அதன் முன்பாதி எதன்மேலாவது சாய்ந்திருக்க வேண்டுமே? அதற்கு வில்லின் நடுவில் ஒரு சின்னச் சாமான் திருகியிருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ரெஸ்ட் என்று பெயர்.

இந்தப் பிரிவுக்கு வந்த முதல் நாள், ஒரு பெரியவர் வெயிலில் முகம் சிவந்து வந்து, "எனக்கு ஒரு ரெஸ்ட் வேண்டும்" என்றார். நான் பதறிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தேன். அவரும் மரியாதைக்கு உட்கார்ந்து தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, அப்புறம்தான் வில்லைக் காட்டி விளக்கினார். அன்றைக்கு நான் அதற்கு அம்புதாங்கி என்று தமிழில் பெயர் வைத்தேன். மனசுக்குள் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்புதாங்கியில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, பாட்டில் கழுவும் பிரஷை வளையமாக வளைத்து நடுவில் ஓட்டை விட்டதுபோல் இருக்கும். அம்பு அந்த ஓட்டைக்குள் குந்தியிருக்கும். வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் கீழே விழாது. அசையும் பாகம் எதுவும் கிடையாது. ஆனால் எய்யும்போது அம்பின் வால் இறகு அந்த நார்களில் உரசிக்கொண்டு போகும். இன்னொன்று, ஒரு சின்னக் கவை. நாணை இழுத்ததும் எழுந்து அம்பைத் தாங்கும், விட்டதும் சட்டென்று படுத்துவிடும். அம்பு எதிலும் படாமல் போகும். ஆனால் அதை இயக்குவது ஒரு மெல்லிய கயிறு. அது தளர்ந்தால் எல்லாம் கெட்டது.

வேட்டைக்காரர்களில் பிரஷ் கட்சி, கவை கட்சி என்று உண்டு. காப்பி ஆறிப்போகும் வரை நின்று சண்டை போடுவார்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு, ஆளுக்கு எது ஒத்துவருமோ அதை மாட்டிக் கொடுப்பேன்.

3

ராய் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் எங்கள் வீட்டில் ஒரு சம்பவம் நடந்தது.

கலைச்செல்வி இரண்டு மணி நேரத் தொலைவில் நகரத்தில் வேலை பார்க்கிறாள். இங்கே அவளைக் கலை என்று யாருக்கும் சொல்ல வராது, கலாய் என்பார்கள். சென்னைப் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள், நண்டை உடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ம்மா, ப்பா, நான் எரிக்கைக் கட்டப் போறேன்."

"கட்றதுக்கு அவன் இன்னா மாடா? கட்டிக்கப் போறேன்னு சொல்லு" என்றாள் வசந்தி.

திருத்தி முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எரிக் எங்களுக்குத் தெரிந்த பையன்தான். நண்பன் என்று சொல்லி இரண்டு முறை வீட்டுக்கு வந்திருக்கிறான். எலக்ட்ரீசியன். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய, வேண்டாம் என்று சொல்லாமல் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டவன். கலை போனில் அவன் வீட்டாரின் படத்தைக் காட்டினாள். நரைத்த தாடியும் தொப்பியுமாக, கையில் ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் அப்பா. பெயர் ராய். மாட்டுப் பண்ணை வைத்திருந்து விற்றுவிட்டுப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். பக்கத்தில் அம்மா லின்டா.

நான் "பாக்கலாம்மா" என்றேன்.

நம் வீடுகளில் பாக்கலாம் என்றால் என்ன பொருள் என்று கலைக்குத் தெரியும். எரிக்குக்குத் தெரியாது. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாரே என்று அவன் சந்தோஷப்பட்டானாம். அவள்தான் விளக்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. போனும் இல்லை. சாப்பிட்டியா என்று செய்தி அனுப்பினால், பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். தினமும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தே மூன்று வாரம் போயிற்று.

உண்மையில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. வசந்திக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"சாதி, மதம்னு நான் பேசலய்யா. பதினெட்டு வருசமா எல்லா சாதிக்காரன் காயத்துக்கும் கட்டு கட்றவ நானு. நாளைக்கு அவுளுக்கு ஒரு புள்ள பொறந்தா, அத்தக் கொஞ்சறதுக்கு நான் இன்னா பாஷைல கொஞ்சறது? எனக்கு இங்கிலீசுல ஊசி போடத் தெரியும். கொஞ்சத் தெரியாது."

நான் மீதித் துணியை எடுத்து மடித்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். ஊருக்கு என்ன சொல்வது என்று கவலைப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"ஊருக்கு நான் சொல்லிக்கிறேன்டா. பையன் அப்பங்காரன் எப்டி? ராய்னா வங்காளியா?"

"இல்லண்ணா, வெள்ளக்காரருதான். நேர்ல பாத்ததில்ல."

"பாக்காம இன்னாடா பண்ணிகினுகிற? நம்ம செல்விக்கு மாப்ள பாக்கறப்ப நைனா இன்னா பண்ணாரு? எறா வாங்கற யாவாரி மாதிரி அவனுங்க கரைக்கே போயி நின்னாரு. மேல பெரிய எறாவ பரப்பி, கீழ பொடிய வச்சி விக்கறானான்னு கூடைய கவுத்தே பாத்துட்டாரு. அடி வரைக்கும் ஒரே எறா. அதுக்கப்பறம்தான் பொண்ண குடுத்தாரு."

நைனா என்றால் எங்கள் அப்பா, செல்வி எங்கள் தங்கை. அவர் செய்தது சரிதான். ஆனால் இந்த நாட்டில் முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் போய் நின்றால் போலீஸைக் கூப்பிடுவார்கள் என்றேன். அண்ணன் போனை வைத்துவிட்டார்.

4

ஆக, அந்தச் சனிக்கிழமை காலை தாடியும் தொப்பியுமாக ராய் உள்ளே வந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கையில் மீன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நேராக என் மேஜைக்கு வந்தார். என் பெயர்ப்பட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பெட்டியை வைத்தார்.

நான் கலையின் அப்பா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் என் கண்முன் நைனா கவிழ்த்த இறால் கூடை வந்து நின்றுவிட்டது.

"என்ன உதவி வேண்டும்?" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு ரெஸ்ட். புதிதாக."

வில்லை வாங்கிப் பார்த்தேன். பிரஷ் வகை. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அளவுகோல் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய் வசந்திக்குப் போன் போட்டேன்.

"அந்தாளு கடைக்கு வந்துகிறாரு."

"எந்தாளு?"

"எரிக் அப்பா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. பிறகு மெதுவான குரலில், "உன்ன தெரியுமா அவருக்கு?" என்றாள்.

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப சொல்லாத. ஆளு எப்டின்னு பாரு. இந்தா, போன கட் பண்ணாத, அப்டியே சட்டப் பாக்கெட்டுல போட்டுக்கோ."

"வேலை நேரத்துல அதெல்லாம் முடியாது" என்று வைத்துவிட்டேன்.

திரும்பி வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ஆனால் அன்றைக்குக் கேட்ட விதம் வேறு. மரத்தில் மேடை கட்டி உட்காருவீர்களா, நடந்து போவீர்களா? நடப்பேன் என்றார், உட்கார்ந்தால் தூங்கிவிடுவாராம். எவ்வளவு தூரத்தில் எய்வீர்கள்? "இருபது கஜம். அதற்கு மேல் என்றால் அதன் போக்கில் போகட்டும் என்று விட்டுவிடுவேன்." இந்தக் கேள்விக்கு இங்கே பெரும்பாலும் நாற்பது, ஐம்பது என்றுதான் பதில் வரும்.

"போன வருஷம் எத்தனை மான்?"

அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒன்றும் இல்லை. ஒன்றைத் தப்பாக அடித்துவிட்டேன். அம்பு பின்பக்கமாகப் பட்டது. இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. அப்புறம் அந்த வருஷம் நான் வில்லை எடுக்கவே இல்லை."

முன்பின் தெரியாத கடைக்காரனிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் இல்லை இது. நான் கவிழ்ப்பதற்குள் அவரே தன் கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டார்.

கடைக்குப் பின்னால் அம்பு எய்து பார்க்க ஒரு நீளமான அறை இருக்கிறது. ஒரு சட்டத்தில் வெள்ளைத் தாளை விறைப்பாக மாட்டி, அதன் வழியாக எய்யச் சொல்வோம். அம்பு நேராகப் போனால் தாளில் ஒரு சின்ன ஓட்டையும், மூன்று இறகுக்கு மூன்று கீறலும் விழும். கோணலாகப் போனால் தாள் கிழிந்திருக்கும், கிழிசலைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

ராய் எய்தார். தாளில் கட்டைவிரல் நீளத்துக்கு மேல்நோக்கிக் கிழிசல். வால் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இன்னொரு முறை எய்யச் சொன்னேன். அதே கிழிசல். அம்புதாங்கியைக் கழற்றி விளக்கடியில் பிடித்தேன். மேலே நார்கள் விறைப்பாக இருந்தன. அடியில், அம்பு குந்தும் இடத்தில் மட்டும் தேய்ந்து மடங்கியிருந்தன. அம்பின் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. வேட்டை முனையை மாட்டினால் இன்னும் விலகியிருக்கும். அவரிடம் காட்டினேன்.

அவர் அதை வாங்கி, மடங்கிய நார்களை விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

"அப்படியானால் அது என் கை இல்லையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால், "கையாகவும் இருக்கலாம்" என்றேன். "ஆனால் இதுவும் இருந்திருக்கிறது."

தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று பட்டது.

அப்புறம்தான் தேர்வு தொடங்கியது. புதிய பிரஷ் ஒன்றை மாட்டினேன். வால் தூக்கல் போய்விட்டது, ஆனால் இறகு உரசிய ஒரு சின்னக் கிழிசல் மிச்சம். கவை வகையை எடுத்ததுமே கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"அசைகிற எதுவும் ஒருநாள் நின்றுபோகும். பண்ணை வைத்திருந்தவனிடம் கேளுங்கள்."

"உண்மைதான்" என்றேன். "ஆனால் நிற்கப் போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்." கயிறு கவ்வியிருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். தினமும் காலையில் புள்ளி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், நகர்ந்திருந்தால் கயிறு தளர்கிறது என்று பொருள். நடக்கும்போது அம்பு விழாமல் இருக்கக் கவையைச் சுற்றிக் கூண்டு உள்ளதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அவர் வில்லைச் சாய்த்தார், குலுக்கினார், தலைகீழாகப் பிடித்தார். அம்பு அசையவில்லை. கையுறை போட்டுக்கொண்டு மாட்டிப் பார்த்தார். சரி என்றார்.

மாட்டி எய்தபோது கிழிசல் இடப்பக்கம் போயிற்று. ஒரு மயிரிழை நகர்த்தினேன். மறுபடி எய்தார். இன்னும் அரை மயிரிழை. இப்படியே ஒரு மணி நேரம். நடுவில் அவர் கேட்டார்:

"நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?"

"நான் வேட்டைக்குப் போவதில்லை."

"ஏன்? பிடிக்காதா?"

"பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாது. பத்து வருஷமாக எத்தனையோ பேருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் வா என்று கூப்பிட்டதில்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி நின்று நாணை இழுத்து விட்டார். தாளில் ஒரு வட்ட ஓட்டை, சுற்றி மூன்று கீறல். ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல அவ்வளவு சுத்தம்.

ராய் தாளைச் சட்டத்திலிருந்து எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏழுமலை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னைத் தெரிந்துவைத்திருந்தார் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த ழகரம்! ஆஸ்பத்திரியில், வங்கியில், குடியுரிமை அலுவலகத்தில் யாருக்கும் வராத எழுத்து. எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் ஏயுமலை என்பார்கள். இந்த நாட்டுக்காரர்கள் ர என்னும்போது நாக்கை மடக்குகிறார்களே, அது நம் ழவுக்குப் பக்கத்து வீடு என்று எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை.

"கலாய் சொல்லிக் கொடுத்தாள்" என்றார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "நாற்பது மைலும் காரில் சொல்லிக்கொண்டே வந்தேன். உள்ளே வந்து பார்த்தால் உங்கள் சட்டையில் ஈலை என்று இருக்கிறது. வேறு ஆளோ என்று பயந்துபோய் ரெஸ்ட் வேண்டும் என்று கேட்டுவிட்டேன். வில்லைச் சும்மா ஒரு சாக்குக்குத்தான் எடுத்து வந்தேன். பழையது நன்றாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்."

"நீங்கள் உள்ளே வந்ததுமே எனக்கும் தெரியும்" என்றேன்.

ஒரு கணம் விழித்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், என்ன உடைந்தது என்று மேலாளர் எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் ராய் சொன்னார்: "நீங்கள் பார்க்கலாம் என்று சொன்னீர்களாம். மூன்று வாரமாக லின்டாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதைப் பார்க்க வேண்டுமோ, நானே வந்து காட்டிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். எரிக்குக்குத் தெரியாது. தெரிந்தால் தடுத்திருப்பான்."

போகும்போது இரண்டு அழைப்புகளை வைத்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வர வேண்டும். அதற்கு அடுத்த வாரம் நான் அவரோடு காட்டுக்கு வர வேண்டும்.

5

"ரெண்டு மணி நேரம் நடிச்சிகிறாரு" என்றாள் வசந்தி.

"நானுந்தான் நடிச்சேன்."

"அதத்தான் சொல்றேன். ஒண்ணுக்கு ரெண்டு பேரு."

சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து, மடவை மீனை வலையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "நம்ம நைனா வேலைய அந்தாளு உனுக்குப் பண்ணிட்டாருடா!" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சத்தம் போட்டுச் சொன்னார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "மான் அடிச்சா தானே துன்னுடுவாரா, பங்கு போடுவாரா?"

அது எனக்குத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடித்து உறையவைத்த மானில் அவர்கள் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு பொட்டலம்தான். மற்றதெல்லாம் தெருவில் தனியாக இருக்கும் இரண்டு கிழவிகளுக்கும், அவருடைய பஸ் நிறுத்துமிடத்தைப் பெருக்குகிறவருக்கும் போய்விட்டதாம். அந்த ஒரு பொட்டலத்தை எங்களுக்காக வைத்திருந்தார்கள். வசந்தி மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கலையும் எரிக்கும் வந்திருந்தார்கள். கலை என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆனால் அம்மா முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து தட்டு கழுவும்போது லின்டா வசந்தியிடம் எதையோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். வசந்தி விடவில்லை, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கேட்பது போல் பொறுமையாகக் கேட்டாள். லின்டாவின் கண் கலங்கிவிட்டது.

"தப்பாக நினைக்காதீர்கள். கலாய் உங்களோடு போனில் உங்கள் மொழியில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு வேகம், எவ்வளவு சிரிப்பு! நாளைக்கு ஒரு குழந்தை பிறந்து, அதுவும் உங்களோடு அப்படிப் பேசத் தொடங்கினால், எனக்கு ஒன்றும் புரியாமல் நான் வெளியே நிற்பேனே என்று பயமாக இருக்கிறது."

வசந்தி ஈரக் கையோடு அப்படியே நின்றாள். திரும்பி வரும் வழியில் இருபதாவது மைலில் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள்.

"நம்ம பொண்ணு பேசற தமிழுக்கு அந்தம்மா பயந்துகினுகிது! கட்டப் போறேன்னு சொன்னவ தமிழுக்கு! எனக்கு, புள்ளைக்குத் தமிழ் வராதோன்னு பயம். அவுங்களுக்கு, வந்துடுமோன்னு பயம்."

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் ஞாயிறு. பதினொரு மணிக்குக் கலை போன் செய்தாள். அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

நான் காட்டுக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிரில் கால் மரத்துப்போனது. ஒரு மானும் வரவில்லை. ஆனால் ராய் காலையில் முதல் வேலையாக வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார், எனக்கும் காட்டினார். பத்து நாள் கழித்து அவர் தனியாகப் போனபோது, பதினைந்து கஜத்தில் எய்த அம்பு சரியான இடத்தில் பட்டு, மான் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே விழுந்ததாம். போனில் அதை இரண்டு முறை சொன்னார். ஒரு தொடையை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வசந்தி மிளகு போட்டு வறுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதுவும் அவளுக்கு "அந்தாளு கொணாந்த கறி"தான். பேச்சில் அவர் அந்தாளாகவே இருந்தார்.

6

தை மாதம் பழவேற்காட்டில் கல்யாணம் என்று அண்ணன் நாள் குறித்துவிட்டார். கலைக்கும் அதுதான் ஆசை. வசந்தி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பட்டுப் புடவைக் கடைகளின் படங்களை மட்டும் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராய் இதுவரை விமானம் ஏறியதில்லை. பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விசா விண்ணப்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினெட்டு வருஷமாக இந்த நாட்டுக்கு நான் நிரப்பிக் கொடுத்த காகிதங்களை அடுக்கினால் என் இடுப்பு வரை வரும். எதிர்ப்பக்கத்துக் காகிதத்தை நிரப்புவது இதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதிகாரி மாதிரி உட்கார்ந்தேன். கலையும் பக்கத்தில் இருந்தாள்.

அப்பா பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்த ராய், ஒரு கேள்வியில் நின்றார்.

"உடம்பில் தெரியும் அடையாளம்? இது எதற்கு அவர்களுக்கு?"

"மச்சம் இருந்தால் சொல்லுங்கள்" என்றேன். "என் பள்ளிக்கூடச் சான்றிதழில் என் மச்சம் இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் நாட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்."

அவர் நம்பவில்லை. நான் சட்டைக் கையை மடித்து முழங்கை மச்சத்தைக் காட்டிய பிறகு நம்பினார். தனக்கு மச்சம் இல்லை என்று வருத்தப்பட்டு, வெகுநேரம் தேடி, பண்ணை இயந்திரத்தில் மாட்டிய சுண்டுவிரல் தழும்பை எழுதச் சொன்னார். வசந்தி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியதிலிருந்து அவள் சிரிப்பது தெரிந்தது.

கடைசியாக, இந்தியாவில் உங்களை அறிந்தவர் யார் என்ற கேள்வி. தேசப்பன், தோணிரேவு என்று எழுதினோம். ராய் பேனாவை வைக்கவில்லை.

"அங்கே இறங்கியதும் இந்த தேசப்பன் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், நான் என்ன சொல்வது?"

நான் யோசித்தேன். ஆங்கிலத்தில் சொல் எதுவும் அகப்படவில்லை. "என் மகன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுடைய அப்பாவின் அண்ணன் என்று சொல்லுங்கள்" என்றேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அதை எழுத ஆரம்பித்தார்.

"அவ்ளோ நீட்டு எதுக்கு?" வசந்தி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "சம்மந்தின்னு சொல்லச் சொல்லு."

கலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். நான் விண்ணப்பத்தைப் படிப்பது போல் குனிந்துகொண்டேன்.

வசந்தி தேநீர்க் கோப்பையை ராய் முன்னால் வைத்தாள். ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: "அவர் உங்களுக்குச் சம்மந்தி. நானும் உங்களுக்குச் சம்மந்தி. நீங்களும் எங்களுக்கு."

ராய் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி, நடுவில் ம் ஒன்றா இரண்டா என்று அவளிடமே கேட்டார்.

"ரெண்டு" என்றாள் வசந்தி.